பச்சை ஜோடி, நீலக் குஞ்சு

லவ் பேர்ட்ஸ் விற்கிறவன் கூண்டில் இருக்கிற பறவைக்குத்தான் காசு வாங்குகிறான். ஆனால் இன்னும் பொரிக்காத குஞ்சுக்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கோழி, முயல், நாய்க்குட்டி விற்கிற சகோதரர்களே, இந்தத் தொல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்களில் முத்தியால்பேட்டையில் கடை வைத்திருந்தேன். எனக்குப் பேச்சு குறைவு, எண்ணிக்கை அதிகம். எந்த ஜோடிக்கு எத்தனை குஞ்சு, என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் தடுமாறாமல் சொல்வேன்.

உடைஞ்ச சாமான்

பக்கத்தில் சாரம் என்ற பகுதியிலிருந்து ஒரு அம்மா மருமகளோடு வந்தார். மருமகள் இடுப்பில் கைக்குழந்தை; பூனைக்கண். "எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு கறுப்பு. என் புள்ளைக்குங் கறுப்பு, இவளுக்குங் கறுப்பு. இது மட்டும் எங்கேர்ந்து வந்துச்சோ" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி. மருமகள் தலை நிமிரவில்லை. கணவனுக்குப் பாரீசில் வேலை, லீவுக்குத்தான் வருவானாம். இந்தப் பேச்சு அவன் காதுக்குப் போனால் அந்தப் பெண் கதி என்ன என்று எனக்கே கலக்கமாக இருந்தது.

குழந்தை பார்த்துச் சிரித்ததென்று ஒரு பச்சை ஜோடியைக் காட்டினார்கள். வெளியே பச்சையாக இருந்து உள்ளே நீலத்தைச் சுமக்கிற பறவையை நாங்கள் 'ஸ்பிளிட்' என்போம். முன்னாலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். "ரெண்டுமே ஸ்பிளிட்டும்மா" என்றேன். அந்த அம்மா கூண்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டார்: "ஸ்பிளிட்டா? உடைஞ்ச சாமானை முழு விலைக்குத் தள்றியா பாய்?"

காதுகுத்து

உப்பளம் பகுதிக்காரர் ஒருவர் இறக்கை வெட்டின ஜோடிதான் வேண்டுமென்று நின்றார். அப்போதுதான் குஞ்சுகளும் பறக்காமல் பிறக்குமாம். இறக்கையை வெட்டுவது கத்தரிக்கோல், அது முட்டைக்குள் போகாது என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. அவர் காதில் கடுக்கன் மின்னியது. தயங்கித் தயங்கி, "உங்க புள்ள ஓட்டைக் காதோடயா பொறந்தான்?" என்று கேட்டேன்.

கடுக்கனைத் திருகியபடி திருப்பிக் கேட்டார்: "அப்படிப் பொறந்திருந்தா காதுகுத்துக்கு ஊரைக் கூட்டி பிரியாணி போட்டிருப்பேனா பாய்?"

தனித்தனிச் சீட்டு

விலங்கியல் படிக்கிற மாணவி ஒருத்தி கடைக்கு அடிக்கடி வருவாள். ஒவ்வொரு நிறத்துக்கும் குஞ்சின் உள்ளே இரண்டு சீட்டு, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பச்சை ஓங்கு பண்பு. ஒரு சீட்டு இருந்தாலே வெளியே தெரியும். நீலம் ஒடுங்கு பண்பு; இரண்டு சீட்டும் நீலமாக இருந்தால்தான் தலைகாட்டும். ஸ்பிளிட் ஜோடிக்கு நாலில் ஒன்று நீலம் என்று புத்தகத்தில் இருக்கிறதாம்.

முட்டையிடக் கூண்டுக்குள் வைத்த பானையில் ஒரு ஸ்பிளிட் ஜோடிக்கு நாலு குஞ்சு பொரித்தது, நாலும் பச்சை. புத்தகம் பொய்யா என்று கேட்டேன். அதே ஜோடிக்கு இதுவரை மொத்தம் எத்தனை என்று அவள் திருப்பிக் கேட்டாள். முப்பத்தொன்று, அதில் எட்டு நீலம் என்றேன். "அப்ப சரிதான் அங்கிள். ஒவ்வொரு முட்டையும் புதுசா சீட்டு எடுக்கும். முன்னாடி என்ன வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது" என்றவள், சிரித்துக்கொண்டே சேர்த்தாள்: "எங்க வீட்ல வரிசையா நாலு பொண்ணு. அஞ்சாவது பையன்தான்னு எங்கப்பா இன்னும் அடிச்சுச் சொல்றாரு."

பூட்டிய கூண்டு

அந்தப் பச்சை ஜோடியை வாங்கிப்போன சாரத்து அம்மா சில மாதம் கழித்து மறுபடி வந்தார், மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. ஒரு டப்பாவை மேஜையில் வைத்தார். உள்ளே நீலக் குஞ்சு.

"பச்சைக்கும் பச்சைக்கும் நீலம் எப்படி வரும்? அந்தப் பொட்டை எங்க போயிட்டு வந்துச்சோ!"

"கூண்டு பூட்டித்தானம்மா இருந்துச்சு?"

"பூட்டித்தான் இருந்துச்சு."

மருமகள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். மாணவி சொன்ன இரண்டு சீட்டுக் கணக்கை அப்படியே சொன்னேன். ரெண்டு பறவைக்கும் தாய் நீலம், அது உள்ளேயே ஒளிந்திருந்தது என்றேன். "ஒரு பக்கம் மட்டும் இருந்தா வெளிய வராதும்மா. ரெண்டு பக்கத்துலயும் இருக்கணும்."

"அப்ப நம்ம வீட்டுப் பக்கமும் இருக்கணுமா அத்தை?" என்றாள் மருமகள், மெதுவாக.

அந்த அம்மா குஞ்சைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்துல சைகோனுக்கு வேலைக்குப் போய் வந்தவரு. அவருக்குப் பூனைக்கண்ணுதான்னு எங்கம்மா சொல்லுவாங்க. கூடத்துல மாட்டியிருக்கிறது கறுப்பு வெள்ளை போட்டோ, அதுல எங்க தெரியுது?" மனிதர் கண்ணுக்கும் பறவைக் கணக்கேதானா என்று எனக்குத் தெரியாது, கண்ணுக்குக் கணக்கு இன்னும் சிக்கல் என்று மாணவி சொல்லியிருந்தாள். அதைச் சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அந்த அம்மா மருமகள் கையிலிருந்து பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, டப்பாவையும் தன் பக்கம் இழுத்தார்: "இது எங்க வீட்டுக் குஞ்சு பாய். இப்படிக் குடு."

இத்தனை வருஷம் பறவை விற்றதில் நான் கண்டது இதுதான்: கூண்டுக்குப் பூட்டு போடலாம், தாத்தாவுக்குப் போட முடியாது.