போகும்போது மட்டும் ஒரு துணை

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, போன வருடம் வரை நானும் சிரித்திருப்பேன். நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் எங்களுடையது, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான், இன்று மனிதர்களின் நடையை அளக்கிற ஆராய்ச்சி மாணவி. முனி, பேய் என்று யார் சொன்னாலும் "அளந்து காட்டச் சொல்லுங்கய்யா" என்று அப்பாவிடம் வாதாடுவேன். கடைசியில் நானே அளந்தேன்.

புதுமடம் பக்கம் ராக்கு அக்கா என்று ஒருவர், பிழைப்புக்குக் கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கிறவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துவிட்டது. மறுபடி பாசிக்குப் போயே தீருவேன் என்று அவர், விடவே மாட்டேன் என்று மகன் முருகேசன். நான் கருவியோடு போய் இறங்கியதும் இரண்டு பேரும் வழக்கை என்னிடம் கொண்டுவந்துவிட்டார்கள்.

"இந்தப் பொண்ணு நடை சரின்னு எழுதிக் குடுத்தாப் போ ஆத்தா. இல்லைன்னா கடல் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றார் முருகேசன்.

"ஏலே, ஒன்னைய நடக்கப் பழக்குனதே நானு. எழுது தாயி, நான் நடக்குறேன்."

இடுப்புப் பட்டையில் தீப்பெட்டி அளவு சென்சார். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, ஒவ்வொரு அடியும் எப்படி விழுகிறது என்று குறித்துக்கொள்ளும். காலை பத்து மணி, நல்ல வெயில். தண்ணீர் விளிம்பு வரை மணலில் தனியாக நடந்து திரும்ப வேண்டும். நான் வீடியோ எடுத்தேன், முருகேசன் என் பக்கத்தில் நின்றார். போகும்போது அக்கா நன்றாகவே நடந்தார். திரும்பும்போது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து, மூன்று இடத்தில் நின்று வந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

அறைக்கு வந்து பதிவைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், போகிற நடையில் யாரோ அவரைக் கைபிடித்து நடத்தியிருக்கிறார்கள். பதிவில் ஓடும் அந்தக் கோடு எனக்கு அத்துப்படி, துணையோடு நடப்பவர்களையும் நாங்கள் அளப்போம். பிடித்த பக்கம் சாய்வு குறையும், பிடித்தவரின் காலடியும் நடுநடுவே மெல்லிய அதிர்வாக விழும். இங்கே அந்த அதிர்வு ஒன்று பலமாக, அடுத்தது லேசாக, மறுபடி பலமாக. பிடித்தவர் நொண்டுகிறார். வீடியோவில் அக்காவின் இடது பக்கம் வெறும் மணல்.

பட்டையை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், மறுநாள் மூன்று முறை நடக்கவைத்தேன். கடலை நோக்கிப் போனால் துணை, கரைக்குத் திரும்பினால் தனி. பயத்தைவிட எனக்கு ஆவல்தான் அதிகமாக இருந்தது.

"அக்கா, பாசிக்கு யாரோட போவீங்க?"

"பூமயிலோட. பாறை வழுக்கும்ல, அதான் ஜோடி ஜோடியாக் கையப் புடிச்சு எறங்குவோம். அவ எனக்கு எடப்பக்கம். போன தையில நெஞ்சு வலின்னு படுத்தவ எந்திரிக்கல."

"அவங்க கால்ல ஏதாவது..."

"திருக்கை முள்ளு குத்துன காலு. நொண்டிக்கிட்டே என்னையவிட வெரசாப் போவா, கழுத." சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். "ஒனக்கு யாரு சொன்னா?"

நான் எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை எடுத்தேன். கடலுக்கே போகக் கூடாது என்று எழுதியிருக்கலாம், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. அளந்ததை அப்படியே எழுதினேன்: கடலை நோக்கிப் போகும்போது நடை சீராக இருக்கிறது, திரும்பி வரத் துணை அவசியம்.

முருகேசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போறதுக்கு வேணாம், வாரதுக்கு மட்டும் ஆள் வேணுமா? என்னம்மா படிச்ச நீ?"

"தண்ணிக்குள்ளயே போய் நில்லுங்கண்ணே. ஒரு நாள்கூட விடாம" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இன்றுவரை அக்கா பாசி எடுக்கிற நேரமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே நின்று, கைபிடித்துக் கரையேற்றுகிறார்.

அவரிடம் நான் காட்டாதது ஒன்று இருக்கிறது. நான்கு பதிவுகளிலும், அக்கா தண்ணீர் விளிம்பில் நின்று கரையைப் பார்த்துத் திரும்புகிற அந்த நொடியில், கடல் பக்கமாக ஒரு இழுப்பு. முதல் பதிவில் லேசாகத்தான் தெரிகிறது. நான்காவதில், கரைக்குத் திரும்பிய அக்காவின் கால் ஓர் அடி பின்னால் போயிருக்கிறது.