கோமதி அக்கா கேட்டுவிட்டுப் போன கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை, பட்டறைக்குப் போன எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில் திரும்பி வந்தார். லேத் ஓடுகிற நேரத்தில் அவர் வீட்டுப் பக்கம் வருகிற ஆள் இல்லை. கையில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"கோமதியக்கா போயிட்டாவளாம். பக்கத்துப் பட்டறைக்குப் போன் வந்துச்சு. நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாவளாம். அவ்வளவுதான்."

"சரியாக் கேட்டியளா? வேற கோமதியா இருக்கப் போகுது" என்றேன். அவர் உள்ளே போய், குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தார். அப்போதுதான் நம்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி அக்கா பாளையங்கோட்டையில் எங்கள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் நர்ஸாக இருந்தவர்கள். பிள்ளையில்லாமல் வருகிற புருசன் பெண்டாட்டிக்கு என்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதும், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவதும் அவர்கள் வேலை. அதிலும் எங்களைப் போல, தன் பிள்ளையை இன்னொருத்தி சுமந்து தர வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் அவர்களை விட்டால் கேட்க ஆள் கிடையாது. அவர்கள் நினைவாக ஒரு சிறு மலர் அச்சடிக்கிறோம், உனக்குத் தெரிந்ததை நீயே எழுது என்று டாக்டரம்மா சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தெரிந்த மாதிரி எழுதுகிறேன். எனக்குப் பிள்ளை சுமந்து தந்த இசக்கி மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரையும் போடு, ஒளிச்சா செஞ்சோம்?" என்றார்கள்.

எனக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்காமல், உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரோ சொல்லி, மாமியார் என்னை அக்காவிடம் கூட்டிப் போனார்கள். எனக்கு இனி எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அக்கா சொன்னார்கள்: "பிள்ளை தங்குத இடந்தான் போயிருக்கு. முட்டை உண்டாகுத இடம் அப்படியே இருக்கு."

மாமியார் என்னை ஒரு தரம், அக்காவை ஒரு தரம் பார்த்தார்கள். "கோழிக்குத்தானம்மா முட்டை?"

"எல்லாருக்கும் உண்டு, பெரியம்மா. நமக்கு ஓடு கிடையாது, அவ்வளவுதான்."

அந்த அறையில் சிரிப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகு அக்கா நிதானமாகச் சொன்னார்கள். என் முட்டையையும் எங்கள் வீட்டுக்காரர் வித்தையும் வெளியே வைத்தே சேர்த்து, வேறொரு பெண்ணின் வயிற்றில் வைப்பார்களாம். பிள்ளை எங்களுடையதாம். அந்தப் பெண்ணின் முகச்சாடை வராதாம். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "வாடகைக்கு வீடு பிடிக்க மாதிரின்னு சொல்லுங்க" என்றார்கள்.

அக்காவின் முகம் மாறியது. "வீட்டுக்கு வாந்தி வருமா, பெரியம்மா? காலு வீங்குமா? ராத்திரி புரண்டு படுக்க முடியாம வீடு எந்திரிச்சு உக்காருமா? அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்."

அவர்கள் எங்களிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

சுமந்து தருகிறேன் என்று முன்வந்தது ஏரலில் இருக்கிற என் அண்ணன் பெண்டாட்டி இசக்கி மதினி. அவர்களுக்கு முத்து என்று ஒரு பையன், அப்போது நாலு வயது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, நாளைக்கே மெட்ராஸ் போகலாம் என்று இருந்தேன். அக்கா அவசரப்படவில்லை. மதினியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பேசினார்கள். அது போதாதென்று பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்து இன்னொரு தடவை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. என் மகள் மீனா பிறந்த பிறகு மதினிதான் சொன்னார்கள்.

"உனக்கு இஷ்டமில்லன்னா நீ வாயால சொல்ல வேண்டாம். எங்கிட்ட தலைய மட்டும் ஆட்டு. உன் உடம்பு தாங்காதுன்னு நான் சொல்லிக்கிடுதேன். உன் நாத்தனாரும் குறை சொல்ல மாட்டா, புருசனும் குறை சொல்ல மாட்டான்." இப்படிச் சொன்னார்களாம். தலையாட்ட நினைத்தீர்களா என்று மதினியிடம் கேட்டேன். "டீக்கடையில ஒரு நிமிசம் நினைச்சேன். ஆட்டலாம்னு தெரிஞ்ச பொறவு ஆட்டத் தோணல" என்றார்கள்.

அதற்குப் பிறகு அக்கா ஏரல் வீட்டுக்கு வந்தார்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். முத்து பழைய சைக்கிள் டயரை முற்றத்தில் உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்.

"ஏ பிள்ள, உனக்குப் பொம்பளப் பிள்ளை பிறக்குன்னு வை. அது இவனை என்ன சொல்லிக் கூப்பிடும்?"

"இது என்னக்கா கேள்வி. மாமா மவன், அத்தான்லா."

மதினி கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்கள். "அத்தானா? ரெண்டும் என் வயித்துல கிடந்ததுன்னா அண்ணன் தங்கச்சிலா?"

"பிள்ளை என்னுதுலா, மதினி?"

"உன்னுதுதான். நான் என்ன இல்லேன்னா சொல்லுதேன்? அத்தான்னு கூப்பிட்டா நாளைக்கு ஒருத்தர் முறை சொல்லிக்கிட்டு மஞ்சளும் தேங்காயுமா வருவாவ. அதுக்கு நான் ஆள் இல்ல."

அண்ணன் சிரிக்க வைக்கப் பார்த்தான். "இன்னும் மெட்ராஸுக்கு டிக்கெட்டே எடுக்கல. அதுக்குள்ள மாப்பிள்ளை பாத்துட்டிய." மாமியார் அக்காவைப் பார்த்து, "நீங்க காரியத்தை நடத்த வந்தியளா, கலைக்க வந்தியளா?" என்றார்கள்.

"ஊசி போடுதது டாக்டர் பாடு, பெரியம்மா. அதுக்குப் பொறவு வாரது எல்லாம் இவங்க பாடு. பிள்ளை ஒருநாள் வாயத் திறந்து பேசும்லா? அதான் இப்பமே கேட்டு வைக்கேன்."

இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணப் பேச்சு எந்தக் காலத்திலும் வராது என்று அன்றைக்கே எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பது மட்டும் முடிவாகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவனை அண்ணன் என்றால் அவனைப் பெற்றவள் இவளுக்கு யார்? அம்மாதானே. அப்படியானால் நான் யார்? என் பிள்ளை பேசப்போகிற முதல் பேச்சிலேயே நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று பயம் வந்துவிட்டது. வரச்சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன்.

அக்காவே பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்கள். "எதுக்குப் பயப்படுத?"

சொன்னேன். ஏதாவது ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியல, பிள்ள. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? நம்ம ஊருல இதுக்கு முன்னால இப்படி ஒரு பிள்ளை பிறந்து, பேசி, நான் கேட்டது இல்ல. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்களுக்கும் தெரியல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ பதில் தெரிஞ்சாத்தான் போவியா? தெரியாமலும் போவியா?"

தொழிற்பேட்டைப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பிள்ளை வேண்டும். அது யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் வேண்டும். அக்கா கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. "போவேன்க்கா" என்றேன்.

"அப்பக் கிளம்பு. ஆனா ஒண்ணு. அவ முத்துவை எப்பக் கூப்பிடுதாளோ, என்ன சொல்லிக் கூப்பிடுதாளோ, அதை எனக்கு வந்து சொல்லணும். எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்லா."

மெட்ராஸ் ரயிலில் அக்காவும் கூட வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் வெட்கப்படுகிற மனுசன். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் செய்ய வேண்டியதை நினைத்து, ஏறியதிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "தம்பி, இரும்பைக் கடையும்போது இத்தோட போதும், நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். கோவில்பட்டி தாண்டியும் அவர் பேச்சு நிற்கவில்லை. அவருக்குச் சத்தமாகச் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதல் தடவை வைத்தது மதினி வயிற்றில் தங்கவில்லை. எல்லாரும் என்னைத் தேற்ற வந்தார்கள். அக்கா மட்டும் வரவில்லையே என்று மனத்தாங்கலாக இருந்தது. அவர்கள் நேரே ஏரலுக்குப் போயிருந்தார்கள். அங்கே மதினி, ஒரு குடம் தண்ணீர் தூக்கினேனே, அதனால்தான் போய்விட்டது என்று சாப்பிடாமல் கிடந்திருக்கிறார்கள். குடம் தூக்கியதால் இல்லை, சில நேரம் தங்காது, அவ்வளவுதான் என்று சொல்லி, சாப்பிட வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

அடுத்த தடவை தங்கியது. அதற்குப் பிறகு என் தொல்லைதான் பெரிய தொல்லை. வாரத்தில் பாதி நாள் ஏரலுக்குப் பஸ் ஏறிவிடுவேன். பப்பாளி தின்னாதீங்க, குனியாதீங்க, இந்தப் பக்கம் படுங்க என்று மதினியை ஒரு நிமிசம் விடவில்லை. மதினி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "நான் ஒரு பிள்ளை பெத்தவ, தாயி. அது முத்துதான், பாத்துருக்கியா?" என்று கேட்டுவிட்டார்கள். அழுதுகொண்டு அக்காவிடம் போனேன்.

"நீ ஏரலுக்கு யாரைப் பாக்கப் போற?" என்று கேட்டார்கள் அக்கா. "ஒரே ஒரு தடவை பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேக்காம மதினியப் பாத்துட்டு வா. முடியுதான்னு பாப்போம்."

அது எவ்வளவு கஷ்டம் என்று போன பிறகுதான் தெரிந்தது. வயிற்றைப் பார்க்காமல் உட்கார்ந்து, அண்ணனின் வாழைத்தார் வியாபாரம், பக்கத்து வீட்டுச் சண்டை, புதிதாக எடுத்த சேலை என்று பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பழையபடி சிரித்தோம். புறப்படும்போது மதினி, "ஏட்டி, இங்க வா" என்று என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார்கள். உள்ளே உதைத்தது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, "எந்தப் பக்கம் உதைச்சுது? உன் கைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இத்தனை பிரசவம் பார்த்தவர்களுக்கு அது புதிதா என்ன. ஆனாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

மீனா பிறந்தபோது துடைத்து என்னிடம் நீட்ட வந்த நர்ஸை அக்கா தடுத்தார்கள். பிள்ளையை மதினி கையில் கொடுக்கச் சொன்னார்கள். மதினி பார்த்தார்கள், முகர்ந்தார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் போனேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பைய, பைய. அவங்களே தருவாவ" என்றார்கள். மதினியே கூப்பிட்டு, என் கையில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "கூப்பிட்டாளா?" புதிதாக வருகிற புருசன் பெண்டாட்டிகளிடமும், "இந்த மாதிரி ஒரு கேள்விக்கு நான் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்" என்பார்களாம், எங்கள் பெயரைச் சொல்லாமல். மீனா பேச ஆரம்பித்தபோது, என் அண்ணன் தன் மகன் முத்துவைக் கூப்பிடுகிறதைக் கேட்டுக் கேட்டு, அவளும் அவனை "ஏலே" என்றுதான் கூப்பிட்டாள். அதைச் சொன்னபோது அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "நம்ம யாருக்கும் தோணலயே, பிள்ள" என்றார்கள். பிறகு, "இருந்தாலும் இது பதில் இல்ல. பொறுத்திருப்போம்" என்றார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாவு வீட்டுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ஏரலிலிருந்து அண்ணனும் மதினியும் முத்துவும் வந்திருந்தார்கள். நானும் மதினியும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தோம். கைக்குழந்தையோடும், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடும் எங்களுக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவின் வீட்டுக்கார அண்ணாச்சிக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. யாருடைய கதையையும் அக்கா வீட்டில் சொன்னது கிடையாது. மீனா மூச்சுமுட்டி அழ ஆரம்பித்ததும் அவர் முத்துவைப் பார்த்து, "தம்பி, தங்கச்சியக் கூட்டிட்டு வெளிய போய் நில்லுப்பா" என்றார். மதினி என்னைப் பார்த்தார்கள். நான் மீனாவை மடியிலிருந்து இறக்கி விட்டேன். முத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் மீனா திரும்பி வந்தாள். உள்ளே கூட்டம். மதினி வாசல் பக்கம் இருந்தார்கள், நான் சுவரோரம் இருந்தேன். அவள் நேரே மதினியிடம் வந்து நின்றாள். மதினி காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் தாண்டி வந்து என் மடியில் விழுந்து, சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, அண்ணன் என்னய ரோட்டுக்கு விடமாட்டேங்கான்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அப்போதுதான் அழுதேன்.

எடுப்பதற்கு முன்னால் கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அக்காவை நான் பார்த்தது இல்லை. யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் நெற்றியைச் சுருக்கிக் கேட்பார்களே, அந்தக் கோடு அப்படியே இருந்தது. நான் குனிந்து காதில் சொன்னேன்.

"யக்கா, கூப்பிட்டுட்டா. அண்ணன்னுதான் கூப்பிட்டா. எங்கிட்ட வந்துதான் சொன்னா."

சொல்லிவிட்டேன், அக்கா. இனி நீங்கள் போகலாம்.