எலும்பில் மடியும் அம்புமுனை

யூரோ வந்த புதிதில், ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் கத்தி தீட்டும் கடையொன்றில் வேலை செய்தேன். மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் வளையம் போட்டிருக்கும் நரைத்த தாடிக்காரர் ஒருவர், மன்னார் ஆள், வேட்டை அம்புமுனைகளைத் தீட்டக் கொண்டுவந்தார். எனக்கோ எதற்கும் பயம்.

"அண்ணை, பொலிஸ் பிடிக்காதோ?"

"இஞ்சை அம்பாலை வேட்டையாட ஏலாதுதான். நான் ஹங்கேரிக்கெல்லோ போறன். நடுங்காமல் தீட்டும்."

தீட்டிய முனையை, இழுத்துப் பிடித்த ரப்பரில் மெல்ல வைத்துப் பார்த்தார். தொட்டதும் அறுந்தது. ஆனாலும் திருப்பித் தந்தார்.

"விளிம்பை நல்லா மெல்லிசாக்கிப்போட்டீர். சவரம் எடுக்கலாம், எலும்பிலை பட்டால் மடிஞ்சிடும். போன முறை அப்பிடித்தான், ஒரு காட்டுப்பண்டி அம்போடையே ஓடிட்டுது. தேடித் தேடிப் பாத்தன், கிடைக்கேல்லை."

"அது தப்பியிருக்கும் அண்ணை," என்றேன் ஆறுதலாக.

"தப்பியிருக்கக் கூடாது," என்றார். "அந்தக் காயத்தோடை எத்தினை நாள் கிடந்து துடிச்சிருக்கும்."

ஒரு மிருகம் செத்திருக்கவேண்டும் என்று அவ்வளவு இரக்கத்தோடு வேறொருவர் சொல்லி நான் கேட்டதில்லை.