தப்புச் சாவி

அன்னவாசல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டவர் அவர். சட்டைப் பையில் ஐடி கார்டு, விரலில் சாவிக்கொத்து. பூட்டில் முதலில் வேறொரு சாவியைப் போட்டுத் திருகுவார். திறக்கவில்லையென்றால்தான் அந்தப் பூட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை.

மாணவர்களின் புரோகிராமைச் சரிபார்த்து ஓட்டித்தரும் கம்பைலரை, ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டரில் ஏறும்படி புதிதாகக் கட்டி எடுத்துப்போயிருந்தேன்.

"உள்ள அதே பழைய கம்பைலர்தாங்க. செஞ்சவங்களே ஆயிரம் தடவ சோதிச்சுட்டாங்க. நான் பொட்டலத்தத்தான் மாத்துனேன். ஏறுதான்னு பாத்தா போதும்."

"இருக்கட்டும் சார்" என்று, வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு புரோகிராம் அடித்து ஓட்டினார். 'வெற்றி' என்று வந்தது. தன் வீட்டு மளிகை லிஸ்டை அடித்தார். அதற்கும் வெற்றி.

எது நடந்தாலும் வெற்றி என்று காட்டும்படி பொட்டலத்தில் எழுதி வைத்தவன் நான்தான்.

"இப்பவே சரி பண்ணிடுறேங்க."

"அவசரமில்ல சார். அடுத்த வாரம் பசங்களுக்குப் பிராக்டிகல் பரீட்ச. அது முடியட்டும்."

ரெஜிஸ்டரில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லேபைப் பூட்டினார். வழக்கம்போலத் தப்புச் சாவியைப் போட்டுத் திருகினார். திறக்கவில்லை.

"பூட்டு நல்லாருக்கு" என்றார், என்னைப் பார்த்து.