வௌவால் பறவையாம்!

இன்று காலை ஒரகடத்தில் மூன்றாம் உலகப் போர் மூண்டது. எதிர்த்தரப்பு, எங்கள் லைன் சூப்பர்வைசர்.

கம்பெனிக் கூரையிலிருந்து விழுந்த வௌவாலை வெளியே விடப் போன, என்னோடு லைனில் நிற்கும் பாபுவின் விரலை அது கடித்துவிட்டது. வெறிநோய் ஊசி போட்டே ஆக வேண்டும். சூப்பர்வைசரோ விபத்துப் படிவத்தில் ‘பறவை கொத்தியது’ என்று எழுதி, மருந்து தடவி, லைனில் நிற்கச் சொன்னார்.

“யோவ், அது குட்டி போட்டு பால் குடுக்குதுய்யா! நாயும் நீயும் நானும் அதுவும் பாலூட்டி! கடிச்சா வெறிநோய் வரும்!”

“றெக்கை கீதுல்ல? பறக்குதுல்ல? அப்ப பறவைதான். ஆள் கம்மி, போய் வேலையப் பாருணா.”

நான் கத்திய கத்தல் பெங்களூரு வரை கேட்டிருக்கும். பாபுவை என் பைக்கில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மதியம் சூப்பர்வைசரிடமிருந்து போன்.

“ணா... அத்தத் தூக்கிப் போடறப்ப என்னையும் கடிச்சிச்சிணா. ஊசி எங்க போடுறாங்க?”

“பறவைதானப்பா. கொஞ்சம் அரிசி தூவு.”

“பாலூட்டிணா! பாலூட்டி!”

பாபுவின் படிவத்திலும் அவர் அப்படியே திருத்தி, போட்டோ அனுப்பிய பிறகுதான் வழி சொன்னேன்.

நூறு தடவை எழுதச் சொல்லியிருக்க வேண்டுமோ, மக்களே?