ஆன்ட்டியிடம் சொல்லாதது

ஸ்கூல் பஸ் ஓட்டும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரனம்மா. தெருமுனையில் திரும்பும்போதே ஹாரனை அழுத்திவிடுவாள். யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்கிற பொறுமை கிடையாது. பேச்சும் அப்படித்தான், மனதில் பட்டது உடனே வாயில் வந்துவிடும். மகள் கல்யாணமாகிப் போனபிறகு மாடி அறை சும்மா கிடந்தது. வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க வரும் மாணவிகளைக் குடும்பத்தோடு தங்கவைத்துக்கொள்ள வீடு தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்லூரியில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்து சேர்ந்த பெண் ஒல்லிக்குச்சி. சாப்பிட்ட தட்டை அவளே கழுவிக் கவிழ்த்தாள். எதைக் கேட்டாலும், "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றாள். ஹாரனம்மாவுக்கு வாயெல்லாம் பல். பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் நேரே மாடிக்குப் போவாள். அந்தப் பெண்ணின் துணிகளை மடித்து அடுக்குவாள், மேசையைத் துடைப்பாள். அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பாள்.

நாளாக நாளாக அந்தப் பெண்ணின் முகம் வாடியது. வகுப்பு முடிந்தும் வீட்டுக்கு வரத் தாமதித்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

ஒருநாள் ஹாரனம்மா மாடிப்படியில் ஏறும்போது அந்தப் பெண் போனில் பேசுவது காதில் விழுந்தது. "அக்கா, நாளைக்கு வரட்டுமா? உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் கேட்டு உதவி செய்வதற்கென்றே கல்லூரியில் ஒரு அதிகாரி இருக்கிறாள். அவள்தான் இந்த அக்கா.

ஹாரனம்மா கணவரிடம் பொரிந்து தள்ளினாள். "ஆக்கிப் போடுறது நான், துணி மடிக்கிறது நான். கஷ்டத்தைச் சொல்ல மட்டும் எவளோ ஒருத்தி. அவ அக்கா, நான் ஆன்ட்டி. கேட்டீங்களா?"

கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். கழற்றிப் போட்ட மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவங்க சின்ன வயசா இருக்கும்" என்றார். அன்று அவருக்குச் சாப்பாட்டில் ரசம் வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண் குடையை மறந்துவிட்டுப் போனாள். மழைக்கான அறிகுறியே இல்லை. ஆனாலும் ஹாரனம்மா குடையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் இங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஹாரனம்மா இதுவரை பார்த்ததில்லை. அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள். தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை. இவளிடம் அப்படி என்ன இருக்கிறது? குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அன்று மாலை பஸ்ஸில் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. ஹாரன் அடிபட்ட அடி அப்படி.

அதற்கடுத்த வாரம் அந்த அதிகாரியே கூப்பிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டாள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஹாரனம்மா போனாள்.

"சொல்லும்மா, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள் அதிகாரி.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் இல்லாதப்ப என் ரூமுக்கு வர்றீங்க ஆன்ட்டி. என் உள்துணியைக்கூட எடுத்து மடிக்கிறீங்க. எனக்குக் கூச்சமா இருக்கு. படிக்கவும் முடியல. நீங்க பாசமாத்தான் செய்றீங்க, அதனாலயே சொல்ல வாய் வரல."

ஹாரனம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"உங்க வீட்டுலதானே தூங்குறேன். நீங்க கோவிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?"

ஹாரனம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். இத்தனை நாள் அந்த அக்காவைக் கரித்துக்கொட்டினோமே, கடைசியில் அந்தப் பெண்ணின் கஷ்டமே நாம்தானா என்று மனது குடைந்தது. கோபம்கூட வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை கணவர் மாடி அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்தினார். ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஹாரனம்மா பக்கத்தில் நின்றாள். அதற்கப்புறம் கதவைத் தட்டிவிட்டுத்தான் கூப்பிட்டாள். அவள் தட்டுகிற தட்டில் தாழ்ப்பாளே கழன்றுவிடும் என்று கணவர் கிண்டல் செய்தார். மெல்ல மெல்ல அந்தப் பெண் தானாகவே கீழே இறங்கி வந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். சில நாள் வகுப்பில் நடந்ததைச் சொல்வாள், சில நாள் சும்மா உரிப்பாள்.

அக்காவிடம் போவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அவள் கிளம்பும்போதெல்லாம் ஹாரனம்மா வாசல்வரை வருவாள். "போயிட்டு வா" என்பதை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்குவாள்.

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் அந்தப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "பல் வலிக்குது ஆன்ட்டி. தாங்க முடியல."

ஹாரனம்மா அடுப்பை அணைத்தாள். "அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் ஏற்பாடு செய்துவிட்டு, அவளைக் கையோடு பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பல் வலி" என்றாள், ஏதோ பரிசு வாங்கப் போகிற மாதிரி. முறைக்குக் காத்திருந்தபோது அந்தப் பெண் போனை எடுத்தாள். "அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுறேன்."

"டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் சாவகாசமா சொல்லிக்கலாம்" என்று ஹாரனம்மா அந்தப் போனை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.