லோர்னா பாடமாக்கிய நீதிபதி

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து மேற்குப் பகுதியில், கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், நீதிமன்ற அரசியல் பாடம் நடத்துபவர் லோர்னா ஹேஸ்கெட். சட்டக்கல்லூரிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழிசொல்வதும் அவர் வேலைதான். கறாரான பெண்மணி, ஆனால் வகுப்பில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

அந்தப் பக்கத்தில் நீதிபதிகளையும் மக்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதை விளக்க லோர்னா ஆண்டுதோறும் மெர்ல் ஸ்ட்ரவுட் என்ற நீதிபதியின் கதையைச் சொல்வார். போலீசார் நீதிமன்ற உத்தரவில்லாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து எடுத்த போதைப்பொருள் சாட்சியமாகாது என்று தீர்ப்பெழுதி, ஒரு வாலிபனை விடுவித்தவர் ஸ்ட்ரவுட். அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். சிறைக்கதவை அவரே திறந்துவிடுவதுபோல் எதிராளி எடுத்த விளம்பரத்தை லோர்னா திரையில் போட்டுக் காட்டுவார். வகுப்பே சிரிக்கும்.

இந்த முறை அடேல் ரென்னர் என்ற மாணவி பாதியில் எழுந்து போய்விட்டாள். மறுநாள் லோர்னாவின் அறைக்கு வந்தாள்.

"சட்டக்கல்லூரிக்கு நான் விண்ணப்பிக்கல, புரொபசர்."

"ஏம்மா? நல்லாத்தானே படிக்கிற?"

"நேத்து ஒருத்தரப் பார்த்துச் சிரிச்சீங்களே, அது எங்கப்பா. எனக்கு அம்மாவோட குடும்பப் பேரு. அந்த விளம்பரத்துக்கப்புறம் எங்க வீட்ல ரொம்ப நாள் டிவியே போடல."

லோர்னாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை வருடம் பாடமாக்கிய மனிதரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். ஸ்ட்ரவுட் இப்போது ஒரு தானியக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார்.

"என்னை வச்சுப் பாடம் நடத்துறீங்களாமே? பாஸா, ஃபெயிலா?" என்றார்.

லோர்னா மன்னிப்புக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, வகுப்புக்கு வரமுடியுமா என்றார்.

"அடேல் கூப்பிட்டா வரேன்."

அடேல் உடனே கூப்பிடவில்லை. வசந்த விடுமுறை முடிந்த பிறகுதான் அப்பாவை அழைத்துவந்தாள்.

"தோத்துருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அப்பவும் அதையே எழுதியிருப்பீங்களா, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"தெரியும்ப்பா. அதனாலதான் தள்ளிப்போட்டேன். என்ன எழுதணும்னு முடிவு பண்ணின பிறகும் சில வாரம் கையெழுத்துப் போடல. பயம். அவ்வளவு நாளும் அந்தப் பையன் உள்ளேயே கிடந்தான். தோத்தது எனக்கு ஆறிப்போச்சு. இது ஆறல."

அடேலுக்கும் இது புதிது. அவள் எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வந்ததும், இனி அந்த விளம்பரத்தைக் காட்டப்போவதில்லை என்றார் லோர்னா.

"காட்டுங்க, காட்டுங்க. அதுல எனக்கு முடி இருக்கு" என்றார் ஸ்ட்ரவுட்.

அந்த வருடம் அடேல் விண்ணப்பிக்கவில்லை. வசதியில்லாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வக்கீல்களின் அலுவலகத்தில் சேர்ந்து, விசாரணைக்குக் காத்திருக்கும் கைதிகளைப் பார்த்துப் பேசும் வேலை செய்தாள். ஒரு வருடம் கழித்து லோர்னாவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன், புரொபசர். சிபாரிசு பண்ணுவீங்களா?"

"நீ எப்பக் கேப்பேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன், பொண்ணே" என்றார் லோர்னா.